சிறுதேனீக்கள் வெயிலுக்குக் காத்திருந்தன

ஐப்பசி 2

வாழ்நாளின் பெரும்பகுதியை ஒலிவாங்கியின் முன் நின்று கழித்தவன், இன்று மாலை தொலைபேசியை எடுத்துத் திருவட்டாற்றுக் கூட்டத்துக்கும் தக்கலைக் கூட்டத்துக்கும் வர இயலாது என்று கூறினேன். "ஐயா, நோட்டீஸ் அடிச்சாச்சு. உங்க பேரத்தான் பெருசாப் போட்டிருக்கு" என்றார் அமைப்பாளர். சிறிதாக்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

மனைவி லில்லியை நாகர்கோவில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். தெற்கு அறையில் கட்டில் போட்டாயிற்று. நோய் கல்லீரல் முழுவதும் பரவிவிட்டது என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். தை பிறக்கும்வரை இருப்பாளா என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்று வண்டியிலேயே கேட்டாள்.

"ஓய்வு வேண்டும் என்றார். தையில் எழுந்து நடப்பாய் என்றார்."

"அதச் சொல்லியதுக்கா அவ்வளவு நேரம் உள்ள இருந்திய?"

"அவர் என் பேச்சைக் கேட்டவராம். பேசிக்கொண்டிருந்தோம்."

"அப்ப சரிதான். ரெண்டு பேரும் நிறுத்தியிருக்க மாட்டிய."

வீட்டுக்குள் வந்ததும் அவள் முதலில் கேட்டது மின்அளவிப் பெட்டியைப் பற்றி. வடக்குச் சுவரில் ஒரு பழைய பெட்டி இருக்கிறது. மின்துறையினர் புதியதை மாட்டிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுப்போக, அதற்குள் சிறுதேனீக்கள் குடியேறின. கொசுவைவிடச் சற்றே பெரியவை, கொடுக்கு இல்லாதவை. உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் லில்லியின் காலைப்பொழுது அந்தச் சுவரோரம்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"பெரம்பு நாற்காலியில தூக்கிட்டுப் போய் வடக்கு முத்தத்துல இருத்துங்க. ஒருக்காப் பாத்துக்கிடட்டு" என்றாள்.

"உடலை அலைக்கழிக்காதே. தையில் நீயே நடந்துபோய்ப் பார்க்கலாம்."

சற்று எண்ணிப் பார்த்தாள். "அப்ப பெலனச் சேத்து வச்சுக்கிடுதேன். அதுவரைக்கும் நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஐப்பசி 3

பணியைத் தொடங்கினேன். வடக்கு முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, கட்டிலருகே நின்றபடியே கூறலானேன்: "பொன்னொளி பூத்த காலைப் பொழுதில், உழைப்பே உயிரெனக் கொண்ட சின்னஞ்சிறு மகளிர் படை..."

லில்லி கையை உயர்த்தினாள். "மைக்க அணச்சிட்டுச் சொல்லுங்க. வெயிலு சொவரத் தொட்ட பொறவா வெளிய வந்துது, அதுக்கு முன்னயா? காலுல பூந்தூள் இருந்துதா? வாசல்ல காவலு நின்னுதா?"

மூன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. திரும்பிப் போனேன். பெட்டியின் அடியிலிருந்து மெழுகும் பிசினும் கலந்த கரிய குழாய் ஒன்று சுண்டுவிரல் நீளத்துக்கு நீண்டிருக்கிறது. அதுதான் வாயில். குழாயின் விளிம்பைச் சுற்றிலும் காவலர்களின் தலைகள். வெயில் சுவரைத் தொட்ட பிறகே பறக்கின்றன. திரும்புபவற்றின் பின்னங்கால்களில் மஞ்சள் உருண்டை.

"எந்த மஞ்சள்?" என்றாள்.

மூன்றாம் முறையும் போனேன்.

திருமணமான புதிதில் அவள் பெயரை அல்லி என்று மாற்ற முயன்றேன். "எனக்க அப்பா வச்ச பேரு எனக்குப் போதும். உங்களுக்கு வேணும்னா வேற அல்லியப் பாருங்க" என்றாள். அன்று முதல் இந்த ஒரு பெயரில் மட்டும் இலக்கணத்தை விட்டுக்கொடுத்து வருகிறேன்.

ஐப்பசி 6

அடைமழை. கூட்டிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. லில்லி கஞ்சியைத் தொடவில்லை.

ஐப்பசி 8

மழை விட்டும் வெயில் இல்லை. குழாயின் வாயில் தலைகள் தெரிகின்றன, பறப்பார் இல்லை. இவை கோழைகளா என்று கேட்டேன்.

"கோழ ஒண்ணும் இல்ல. சின்ன உடம்பு சீக்கிரம் குளுந்து போவும். குளுந்தா றெக்க அடிக்காது, வழியில விழுந்திரும். அதான் வெயிலுக்குக் காத்துக் கெடக்கு." சொல்லும்போதே போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

நண்பகலில் அவள் தம்பி கிறித்துதாசு வந்தான். வேலிக்கு அப்பால் உள்ள இரப்பர்த் தோட்டம் அவனுடைய குத்தகை. மாசியில் இரப்பர் துளிர்க்கும்போது தேன் எடுப்பவன் அவன். அதற்கு இப்போதே தேனீக்களைப் பெருக்க வேண்டுமென்று, சரக்குந்து நிறையப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

"அக்கா, மத்த எடமெல்லாம் தண்ணி கெட்டிக் கெடக்கு. இஞ்சதான் மேடு."

"வச்சுக்கோ. எனக்க மீட்டர் பொட்டிக்கு எட்ட வை."

"உனக்க கொசுவப் போய் எனக்க தேனீ கடிக்கவா போவுது?"

"கடிக்கண்டாம்லே. தின்னாப் போதும்."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஐப்பசி 10

விளங்கிற்று. கிணற்றடியில் உள்ள குட்டைத் தென்னையில் பாளை விரிந்திருக்கிறது. கண்ணுக்கு நேரே நிற்பதால் விடியலிலேயே குடையுடன் போய் நின்றேன். தூறலும் குளிருமான வேளையிலேயே பெட்டித்தேனீக்கள் வந்து பாளை முழுவதும் மொய்த்துவிட்டன. நெடுநேரம் கழித்து ஒரு கீற்று வெயில் விழுந்தபோது நம்முடைய சிறியவை வந்தன. ஒரு பூவில் இறங்கும். பெரியது ஒன்று வந்து மேலே விழும். எழுந்து அந்தரத்தில் நிற்கும். வேறு பூவுக்குப் போகும். அங்கும் ஆள் இருக்கும். வெறுங்காலுடன் திரும்பின. கூட்டத்தில் கலகம் செய்பவனை ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் குரல் எனக்கு உண்டு. இங்கே அதற்கு வேலை இல்லை.

லில்லியிடம் சொன்னேன். இம்முறை அடைமொழி எதுவும் சேர்க்கவில்லை. அவள் தலையசைத்தாள்.

"பெருசுக்கு உடம்புல சூடு உண்டும். விடியதுக்கு முன்ன எறங்கியிரும். சிறுசு எழும்பி வாரதுக்குள்ள எல்லாத்தையும் நக்கி எடுத்திரும். நல்ல வெயிலு நாளுன்னா உச்சிக்குப் பெருசு ஒதுங்கும். அப்ப மிச்சம் கெடைக்கும். மழ நாளுல அந்த மிச்சமும் இல்ல."

"அப்படியானால் எதை உண்ணும்?"

"சேத்து வச்சத."

"அது தீர்ந்தால்?"

"என்னத்துக்கு இப்பிடிக் கேக்கிய? ஊருக்கெல்லாம் பதிலு சொல்லிய ஆளு."

ஐப்பசி 13

நல்ல வெயில்! காலை முதலே வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. உச்சிப்பொழுதில் சிறியவை வரிசையாகத் திரும்பின; தும்பையிலிருந்து வெண்மை, பூசணியிலிருந்து அடர்மஞ்சள். லில்லி இரண்டு இட்டிலி உண்டாள். தலையணையில் சாய்ந்து அமர்ந்து, தன் பழைய தலைமையாசிரியர் மூக்குப்பொடி போடும் முறையை நடித்துக் காட்டினாள்.

இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. குறிசொல்வோரையும் கழிப்புக் கழிப்போரையும் மேடைதோறும் சாடியவன் நான். அந்தப் பெட்டியில் உள்ளது ஒரு பூச்சிக்கூடு. தெளிவாக இருக்கட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி 16

மீண்டும் மழை. மூன்று நாளாகக் கூட்டிலிருந்து ஒன்றும் பறக்கவில்லை. லில்லியின் கால்கள் வீங்கியிருக்கின்றன.

ஐப்பசி 17

கிறித்துதாசைத் தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். பெட்டிகளை வேறிடத்துக்கு மாற்று என்றேன்.

"இந்தச் சேத்துல வண்டி எறங்காது அத்தான். எறங்கினா நானும் அதுக்குள்ளதான் கெடக்கணும்."

"உன் தேனீக்கள் பூ முழுவதையும் கைப்பற்றிக்கொள்கின்றன. எளியவர் வாய்க்கு எட்டுவதை வலியவர் பறிப்பது அறமா?"

அவன் பெட்டி மூடியைக் கையில் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மேடையில எல்லாமே எல்லாருக்கும் பொதுன்னு தொண்ட கிழியப் பேசுவியளே. பூவு மட்டும் உங்க வீட்டுப் பொட்டிக்கா? எனக்க ஈயும் பட்டினிதான் கெடக்கு. பாருங்க, சீனித்தண்ணி காய்ச்சி உள்ள வச்சுக் குடுக்கேன்."

அந்தக் கேள்விக்குத் தக்க மறுமொழியை நான் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் சருக்கரைநீரைப் பற்றி மேலும் ஏதேதோ விளக்கினான்; காதில் விழவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது வழி ஒன்று கிடைத்தது. உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும்!

ஐப்பசி 20

பிற்பகலில் லில்லி உறங்கும்போது சருக்கரைநீர் காய்ச்சினேன். மணத்துக்காகச் சிறிது தேனும் கலந்தேன். மின்அளவிப் பெட்டியின் கதவைச் சுற்றிலும் அவை பிசின் பூசி அடைத்து வைத்திருந்தன. கத்தியால் நெம்பித் திறந்தேன். உள்ளே சிறு சிறு மெழுகுக் குடங்கள், பெரும்பாலும் வெறுமையாக. தேங்காய்ச் சிரட்டையில் நீரை ஊற்றி அவற்றின் அருகில் வைத்தேன். கதவு முன்போல் பொருந்தவில்லை; ஒரு விரல் இடைவெளி நின்றது. காற்றோட்டத்துக்கு நல்லது என்று விட்டுவிட்டேன்.

சிரட்டையின் விளிம்பில் அவை வட்டமாக அமர்ந்து பருகியதைக் காண வேண்டுமே! ஆயிரவர் கைதட்டிய நாளிலும் எனக்கு இந்த நிறைவு இருந்ததில்லை.

மாலையில் லில்லி தானாகவே தலையணையைச் சரிசெய்துகொண்டாள். நாளை காலை சொல்லி அவளை வியக்க வைப்பேன்.

ஐப்பசி 21

எழுதியே ஆக வேண்டும்.

விடியலில் இரைச்சல் கேட்டு ஓடினேன். வடக்குச் சுவரே அசைவதுபோல் இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து பெட்டித்தேனீக்கள் திரள்திரளாக வந்து, கதவின் இடைவெளி வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தன. சிரட்டை எப்போதோ வறண்டுவிட்டது. மெழுகுக் குடங்களைக் கிழித்துக்கொண்டிருந்தன. துண்டை வீசினேன், கை, கழுத்து, இமை எங்கும் கொட்டின. நம்முடையவை அந்தக் குளிரிலும் வெளியே வந்தன. கொடுக்கு இல்லாதவை என்ன செய்யும்? ஒவ்வொன்றும் ஒரு பெரியதன் இறக்கையையோ காலையோ கடித்துப் பிடித்துக்கொண்டது. பிடித்ததை விடவே இல்லை. இரண்டும் சேர்ந்து தரையில் விழுந்தன. சுவரடி முழுவதும் இணை இணையாகக் கிடந்தன.

கிறித்துதாசு சாக்கை நனைத்துக்கொண்டு ஓடி வந்து பெட்டியைப் போர்த்தினான். பிறகு சிரட்டையைப் பார்த்தான்.

"யாரு இத வச்சது?"

கொட்டுப்பட்ட இமையைத் துண்டால் பொத்திக்கொண்டேன்.

"ஐயோ அத்தான்! அந்திக்கு வைக்கணும், துளி சிந்தப்பிடாது, ஓட்ட இல்லாம மூடணும்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. தொறந்து போட்டு மணத்த விட்டா எனக்க ஈ சும்மா இருக்குமா?"

உள்ளிருந்து லில்லியின் குரல்: "முத்தத்துல என்ன சத்தம்?"

கிறித்துதாசு என் முகத்தைப் பார்த்தான். நான் சன்னலருகே போய், "வெயில் வரப்போகிறது லில்லி. நம்மவர்கள் கொண்டாடுகிறார்கள்" என்றேன்.

ஐப்பசி 22

இமை வீக்கத்தைக் கண்டு கேட்டாள். குளவி என்றேன்.

கூட்டின் வாயிலில் காவல் இல்லை. லில்லி இன்று கஞ்சி முழுவதையும் குடித்தாள். கிண்ணத்தைக் கழுவ அடுக்களைக்குப் போனவன் அங்கேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். கூட்டுக்கும் அவளுக்கும் தொடர்பில்லை என்று எழுதி வைத்தவன் நான்தான்.

ஐப்பசி 24

"தும்பையிலிருந்து வெண்ணிறத் தூள். காவலர் நால்வர்" என்று சொன்னேன். குழாய்க்குள் எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஐப்பசி 27

இன்று செங்காந்தள் பூவிலிருந்து வந்ததாகச் சொன்னேன். லில்லி கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து அமர இப்போது இயலவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. நான்தான் பேசுகிறேன், நன்றாகவே பேசுகிறேன்.

கார்த்திகை 1

விடியலில் மூடுபனியும் சாரலும். "கதிரவன் எழுமுன்னரே நம் சிறுபடை எழுந்தது! பெரியவை துயிலும் வேளையில் தென்னம்பாளையை முற்றுகையிட்டுப் பொதி பொதியாய்..." என்றேன். பெரியவற்றை அவை ஒரு நாளாவது வெல்லட்டும் என்று தோன்றிவிட்டது.

லில்லி கண்ணைத் திறந்தாள். "இந்தக் குளிருலயா?"

நான் சன்னலை மூடப் போனேன்.

"ஒரு வாரமாக் கேட்டுட்டுத்தான் கெடக்கேன். செங்காந்தள் பூவுக்கெல்லாம் எனக்க பிள்ளைக போவாது. கூடு போச்சு இல்லா?"

"போயிற்று."

"எப்பிடி?"

சொன்னேன். கத்தி, பிசின், சிரட்டை, இடைவெளி எல்லாவற்றையும். அவள் கண்ணின் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கப் போன கையைத் தள்ளிவிட்டாள். அவ்வளவு வலிமை அவளிடம் எஞ்சியிருக்கும் என்று நான் எண்ணவில்லை.

"நான் எனக்க கண்ணுக்குப் பதிலா உங்க கண்ணக் கேட்டேன். நீங்க வாயத் தந்திட்டிய."

பிறகு, "டாக்டரு சொன்னதா நீங்க சொன்னதும் இப்பிடித்தானா?" என்றாள்.

அதையும் சொன்னேன். கல்லீரல் என்று சொன்னேன். தை வராது என்று சொன்னேன்.

"ஏகதேசம் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றாள். "பெலன் இருந்தப்பளே சொல்லியிருந்தா, அன்னைக்கு நாற்காலியில போய் அதுகள ஒருக்காப் பாத்திருப்பேன். தைக்குன்னு நான் சேத்து வச்சேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார்த்திகை 2

மழை. லில்லி சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தாள். என் கையால் தண்ணீரும் பருகவில்லை. கிறித்துதாசு வந்து கொடுத்தான்.

கார்த்திகை 3

மாலையில் கூப்பிட்டாள். "பொட்டியத் தொறந்து பாத்திட்டு வாங்க. உள்ளத மட்டும் சொல்லுங்க."

போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து கட்டிலருகே தரையில் அமர்ந்தேன்.

"குடங்கள் எல்லாம் உடைந்திருக்கின்றன. தேன் இல்லை. நடுவில் முட்டையறைகள் கொத்தாக இருக்கின்றன, அவற்றில் எறும்பு. கூட்டின் அடியில் இறந்தவை குவிந்து நனைந்திருக்கின்றன. பறப்பது ஒன்றும் இல்லை."

"ராணி?"

"தெரியவில்லை."

தலையை என் பக்கம் திருப்பினாள். "தெரியலன்னு நீங்க சொல்லி இப்பத்தான் கேக்கேன்." கையை நீட்டினாள். "இனி காலம்பற எனக்க உடம்பப் பாத்துச் சொல்லுங்க. கண்ணாடி எனக்குப் பிடிக்க முடியாது. எவ்வளவு தூரத்துல இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

இயலாது என்றேன்.

"அன்னைக்குத் தராத கண்ண இப்பத் தாங்க" என்றாள்.

கார்த்திகை 5

கண் வெண்படலம் மஞ்சள். கால் வீக்கம் முழங்கால்வரை. நான்கு கரண்டிக் கஞ்சி.

"எந்த மஞ்சள்?" என்றாள்.

"பூசணிப்பூ."

"அப்ப நல்ல அடர்த்திதான்."

கார்த்திகை 9

வெயில். சன்னலைத் திறந்து கட்டிலைச் சற்று நகர்த்தினோம். கிறித்துதாசு, "அக்கா, எனக்க ஈயப் பூரா ஏத்திட்டுப் போவட்டா? இப்ப வண்டி எறங்கும்" என்றான்.

"இனி என்னத்துக்குலே? அதுக பாட்டுக்கு இருக்கட்டு. அதுக்கும் வயிறு உண்டில்லா."

அவன் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் பார்த்ததை அவளிடம் சொன்னேன். "அவன் சின்னதுலயே அப்பிடித்தான். அழுதா வேலியப் பிடிப்பான்" என்றாள்.

அப்போது ஒன்றைக் கேட்டேன். மழைநாளில் கூட்டுக்குள் அவை என்ன செய்துகொண்டிருக்கும்? "ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டுக் கெடக்கும். சூடு போவாம" என்றாள். நான் அவள் போர்வைக்குள் கையை வைத்தேன்.

கார்த்திகை 13

கண்ணைத் திறக்கவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நேரம் கூடுகிறது. சொன்னேன். என் விரலை அழுத்தினாள். அழுத்தியது உண்மை, என் விருப்பம் அன்று.

கார்த்திகை 15

லில்லி இன்று காலை இறந்தாள்.

கார்த்திகை 17

நேற்று அடக்கம். கூட்டம் மிகுதி. அவளிடம் படித்த மாணவியர் எல்லாரும் வந்திருந்தார்கள். இன்று அவர்களே தாய்மார். மழைக்குப் பந்தல் போட்டு, யாரோ ஒலிபெருக்கியும் வைத்துவிட்டார்கள். "அத்தான், ஆளுக உங்க பேச்சுக்குக் காத்துட்டு நிக்கி" என்றான் கிறித்துதாசு.

எழுந்தேன். குரல் எப்போதும்போல் இருந்தது. சொற்களும் வந்து நின்றன. எத்தனையோ இரங்கற் கூட்டங்களில் எனக்கு உதவியவை.

நான் சொன்னது இவ்வளவுதான்:

"காலையில் மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கை முதலில் குளிர்ந்தது, பிறகு கால். நான் ஒட்டிக்கொண்டு கிடந்தேன், சூடு நிற்கவில்லை. ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை."

எல்லாரும் அடுத்த சொல்லுக்காக என்னைப் பார்த்தார்கள். அதற்குமேல் நான் கண்ணால் பார்த்தது எதுவும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.